ரெண்டர் உறைந்தால், நின்ற இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எடிட்டிங் மென்பொருள் ரெண்டரின் (தொகுத்த காட்சிகளைக் கணக்கிட்டு ஒரே வீடியோ கோப்பாக எழுதும் வேலையின்) நடுவில் உறைந்து நிற்கிறதே, என்ன செய்வது என்று கேட்ட வாசகருக்குத் தங்கள் கணினிப் பகுதியில் வெளியான பதிலைப் படித்தோம். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாம், ராம் கூட்டலாம், கிராபிக்ஸ் கார்டை மாற்றலாம் என்று மூன்று வழிகள் அதில் இருந்தன. மூன்றும் எப்போதாவது பலிக்கும். ஆனால் எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமலே செய்கிற வேலைகள் இவை. மறுபடி நிறுவினால் அரை நாள் போகும்; கெட்டுப்போன கிளிப் (காட்சித் துண்டு) டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) அப்படியே இருக்கும்; ரெண்டர் அதே இடத்தில் போய் நிற்கும். படத்தொகுப்பைத் தொழிலாகச் செய்கிறவர்கள் நாங்கள். கோளாறைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. அதை இங்கே விரிவாக எழுதியிருக்கிறோம். நீளம் கூடிவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும். வேலையை ஒப்படைக்கும் நேரம் நெருங்க, நகராத சதவீதப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதில் எதையும் விட்டுவிட மனம் வரவில்லை.

முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிரலின் சாளரம் ஐந்து விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடும். உள்ளே ரெண்டர் ஓடிக்கொண்டே இருக்கலாம். அவசரப்பட்டு மூடாமல், எக்ஸ்போர்ட் ஆகும் (முடிந்த வீடியோ எழுதப்படும்) ஃபோல்டரைத் திறந்து கோப்பின் அளவு கூடுகிறதா என்று ஓரிரு நிமிடம் கவனியுங்கள். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு (முதன்மைச் செயலி), டிஸ்க், ஜி.பி.யு (கிராபிக்ஸ் கார்டின் செயலி) மூன்றையும் பாருங்கள். ஜி.பி.யு பக்கத்தில் முதலில் தெரிகிற '3டி' வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. அதை 'வீடியோ டீகோட்', 'வீடியோ என்கோட்', 'குடா' அல்லது 'கம்ப்யூட்' என்று மாற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மேக்கில் இதே வேலைக்கு ஆக்டிவிட்டி மானிட்டர் இருக்கிறது. எல்லா வரைபடமும் தரையில் கிடந்து, கோப்பின் அளவும் சில நிமிடங்கள் மாறாமல் இருந்தால் அது உறைவு. ஒரே ஒரு சி.பி.யு கோர் மட்டும் முழு வேகத்தில் ஓடினால், ஏதோ ஒரு எஃபெக்ட் பொறுமையாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆப்டிகல் ஃப்ளோ (இடைப்பட்ட ஃப்ரேம்களை, அதாவது தனிப்படங்களை, ஊகித்து உருவாக்கும் முறை) வைத்து வேகம் குறைத்த காட்சியும் இரைச்சல் நீக்கும் எஃபெக்டும் ஒரு ஃப்ரேமுக்கே பல விநாடி எடுக்கக்கூடியவை.

99, 100 சதவீதத்தில் நிற்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தையும் ஒலியையும் தனித்தனியே எழுதிவிட்டு, கடைசியில் ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள்கள் உண்டு. எம்.பி.4 கோப்பில் உள்ளடக்க அட்டவணை எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதப்படுகிறது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்' தேர்வு செய்திருந்தால் அந்த அட்டவணையைக் கோப்பின் முன்பக்கம் கொண்டுவர முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பெரிய கோப்பு, மெதுவான வெளி டிஸ்க் என்றால் இதற்கே பல நிமிடம் ஆகும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை கைவைக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் நிரலைக் கொன்றால் அட்டவணை இல்லாத, எந்தப் பிளேயரிலும் திறக்காத கோப்பு மட்டும் மிஞ்சும்.

உறைவுதான் என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியது ஒன்றே: எங்கே நின்றது? சதவீதத்தை அல்ல, டைம்கோடை (டைம்லைனில் அந்த இடத்தின் மணி, நிமிட, விநாடி எண்ணை) குறியுங்கள். இருபது நிமிடப் படத்தில் 37 சதவீதம் என்றால் 7 நிமிடம் 24 விநாடி. ஆனால் இரண்டு பாஸ் என்கோடிங் (முழுப் படத்தையும் இரண்டு முறை ஓட்டிச் சுருக்குவது) தேர்வு செய்திருந்தால் முதல் பாதிச் சதவீதம் முழுதும் முதல் பாஸுக்கே போய்விடும். அப்போது அதே 37 சதவீதம் 14 நிமிடம் 48 விநாடியைக் குறிக்கும். தப்பான இடத்தில் தேடிக் களைத்துப்போக இந்தக் கணக்கே காரணமாகிவிடுகிறது. கூடவே, தொடங்கி எத்தனை நிமிடத்தில் நின்றது என்று கடிகாரத்தையும் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

இனி, டைம்லைனின் பின்பகுதியை மட்டும் இன், அவுட் புள்ளி (தொடக்க, முடிவுக் குறி) வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நின்ற இடம் அந்தப் பகுதிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு நின்ற அதே கிளிப்பில் மறுபடி நின்றால் கோளாறு புராஜெக்டுக்குள் இருக்கிறது. அந்தக் கிளிப்பைச் சுகமாகத் தாண்டிப் போய், தொடங்கிய நேரத்திலிருந்து ஏறக்குறைய அதே நிமிடக் கணக்கில் நின்றால் சூடு அல்லது நினைவகம். எங்கே நிற்கும் என்றே சொல்ல முடியாதபடி கண்ட இடத்தில் நின்றால் டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்), ராம், மின்சாரம், டிஸ்க் இவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனை தேட வேண்டிய இடத்தை இவ்வளவு சுருக்கிவிடுகிறது. தங்கள் பகுதியின் பதிலில் இது இல்லாமல் போனதுதான் எங்களுக்குப் பெரிய குறை.

ஒரே இடத்தில் நிற்கிறது, ஆனால் எந்தக் கிளிப் என்று தெரியவில்லை என்றால் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். 40 நிமிட டைம்லைனை ஆறு முறை பாதியாக்கினால் 40 விநாடிக்கும் குறைவான துண்டு கையில் நிற்கும். சோதனைக்காக எக்ஸ்போர்ட் அளவை 4கே-யிலிருந்து 720-க்குக் குறைத்து வேகமாக ஓட்டிப் பார்க்கும் பழக்கம் நல்லதுதான். குறைத்தவுடன் உறைவு காணாமல் போனால், 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள்; ஜி.பி.யு நினைவகம் போதவில்லை என்பதற்கு அது வலுவான தடயம்.

அந்தத் துண்டுக்குள் முதலில் சந்தேகப்பட வேண்டியது போனில் எடுத்த காட்சியையும் திரைப் பதிவையும்தான். போன் கேமரா வெளிச்சம் குறையும்போது ஃப்ரேம் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். திரைப் பதிவு நிரல்களிலும் திரையில் அசைவு இல்லாதபோது ஃப்ரேம்களை விட்டுவிடுபவை உண்டு. 30 என்று பெயர். உள்ளே 24-க்கும் 30-க்கும் நடுவில் அலைந்துகொண்டிருக்கும். எடிட்டிங் மென்பொருளோ ஒவ்வொரு ஃப்ரேமும் சம இடைவெளியில் வரும் என்று எண்ணிக் கட்டப்பட்டது. ஒலி விலகுவது இதன் முதல் அறிகுறி. ரெண்டர் ஒரு ஃப்ரேமைத் தேடிக்கொண்டே நின்றுவிடுவது அடுத்தது. மீடியா இன்ஃபோ என்ற இலவச நிரலில் கோப்பைத் திறந்தால் 'ஃப்ரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்று இருக்கும். அப்படி இருக்கிற ஒவ்வொரு கோப்பையும் எடிட்டைத் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி நிரலில் வீடியோ பகுதிக்குப் போய், ஃப்ரேம் ரேட்டில் டைம்லைனின் எண்ணைத் தந்து, 'கான்ஸ்டன்ட்' தேர்வு செய்து, தர எண்ணை 16-லிருந்து 18-க்குள் வைத்தால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு அநேகமாக இருக்காது. டிஸ்கில் இடம் இருந்தால் ஷட்டர் என்கோடர் என்ற நிரல் மூலம், எடிட்டிங்குக்கென்றே உள்ள புரோரெஸ் அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர் வடிவக் கோப்பாக மாற்றுவது இன்னும் நல்லது. எச்.264, எச்.265 என்ற சுருக்கும் முறைகள் இரண்டிலும் பெரும்பாலான ஃப்ரேம்கள் பக்கத்து ஃப்ரேம்களிலிருந்து வேறுபாட்டை மட்டுமே சுமக்கின்றன. நடுவில் ஒரு ஃப்ரேம் வேண்டுமென்றால் பின்னே போய் முழு ஃப்ரேமிலிருந்து விரித்துக்கொண்டு வர வேண்டும். புரோரெஸ்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து முழுமையாக நிற்கிறது. 1080 அளவில், விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் புரோரெஸ் 422 விநாடிக்கு ஏறக்குறைய 147 மெகாபிட், அதாவது நிமிடத்துக்கு 1.1 ஜி.பி. இடம் தின்னும். அதற்குத் தயாராக இருங்கள்.

கேமராவில் எடுத்த 10-பிட் 4:2:2 (கூடுதல் நிறத் தகவல் தாங்கிய) எச்.265 காட்சிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து செயலிக்குள் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ வன்பொருள் இதை விரிக்கும். என்விடியாவில் ஆர்.டி.எக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் இதற்கு வன்பொருள் உதவி கிடையாது. எல்லாச் சுமையும் சி.பி.யு தலையில் விழும். விலை உயர்ந்த கார்டு இருந்தும் ரெண்டர் தள்ளாடுகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் தங்கள் காட்சி எந்த வகை என்று பார்க்க வேண்டும். செயலிக்குள் கிராபிக்ஸ் இல்லாத மாதிரிகளில் குவிக் சிங்க்கும் இருக்காது. இன்டெலின் பெயர் முடிவில் வரும் 'எஃப்' எழுத்து அதைத்தான் சொல்கிறது.

அடுத்த சந்தேகம் பெரிய புகைப்படங்கள். 6000 பெருக்கல் 4000 பிக்சல் படம் டிஸ்கில் சில எம்.பி.தான். ஆனால் 32-பிட் ஃப்ளோட் கணக்கில் ஜி.பி.யு அதை விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 16 பைட், 2.4 கோடி பிக்சலுக்கு 384 எம்.பி. இப்படிப் பத்துப் படங்களை அடுக்கி நகர்த்தினால் 4 ஜி.பி. கார்டு மூச்சுத் திணறும். நெருங்கிப் போகும் நகர்வுக்கு டைம்லைன் அகலத்தைப்போல் இரு மடங்கு போதும். அதற்கு மேல் இருப்பதைச் சுருக்கியே உள்ளே கொண்டுவாருங்கள். ஒரு 4கே ஃப்ரேம் இதே கணக்கில் 133 எம்.பி. முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஃப்ரேம் பார்க்கும் இரைச்சல் நீக்கி ஒரே நேரத்தில் ஐந்து ஃப்ரேமை வைத்துக்கொள்ளும்: ஏறக்குறைய 660 எம்.பி., இடைக்கணக்குகள் தனி. அதே கிளிப்பில் நிலைப்படுத்தும் எஃபெக்டும் மங்கலாக்கும் எஃபெக்டும் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

எஃபெக்டா, கிளிப்பா என்று பிரிக்க, டைம்லைனை நகல் எடுத்து, அந்தத் துண்டிலிருந்து எஃபெக்டுகளை எல்லாம் நீக்கி ஓட்டுங்கள். ஓடினால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஓடாவிட்டால் கிளிப்தான். வெளியார் பிளக்-இன் இருந்தால் அதை முதலில் எடுங்கள்; மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறி, பிளக்-இன் பழையதாகவே நிற்கும்போது இந்த உறைவு அடிக்கடி வருகிறது. குற்றவாளி எஃபெக்ட்தான், ஆனால் அது கட்டாயம் வேண்டும் என்றால், அந்தக் கிளிப்பை மட்டும் தனியே ரெண்டர் செய்து அதே இடத்தில் வைத்துவிடலாம். பிரீமியர் புரோவில் கிளிப்பின் மீது வலது கிளிக் செய்தால் 'ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்', டாவின்சி ரிசால்வில் 'ரெண்டர் இன் பிளேஸ்'. பெரிய எக்ஸ்போர்ட் ஓடும்போது அந்தச் சுமை இருக்காது.

படம், எஃபெக்ட் இரண்டும் குற்றமற்றவை என்றால் ஒலியைப் பாருங்கள். பலரும் இதைச் சந்தேகிப்பதே இல்லை. இறக்கிய எம்.பி.3 இசையின் கடைசிப் பகுதி சிதைந்திருந்தால் பிளேயர் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும்; ரெண்டர் தாண்டாது. எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸ் டபிள்யூ.ஏ.வி கோப்பாக மாற்றிச் சேர்த்தால் இந்தக் கதவு அடைபட்டுவிடும். எழுத்துருவும் இப்படித்தான். டைட்டில் வரும் நொடியில் நின்றால் எழுத்துருவை மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

புராஜெக்ட் பக்கம் இன்னும் இரண்டு சின்ன வேலைகள் பாக்கி. ஒன்று, கேஷை (மென்பொருள் வேகத்துக்காக எழுதிவைக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழிப்பது: பிரீமியரில் பிரிஃபரன்ஸ் பகுதியின் 'மீடியா கேஷ்', ரிசால்வில் பிளேபேக் மெனுவின் 'டெலிட் ரெண்டர் கேஷ்'. பாதி எழுதி நின்றுபோன கேஷ் கோப்பை மென்பொருள் மறுபடி மறுபடி நம்பிப் படித்து, அங்கேயே தடுக்கி விழும். இன்னொன்று, புதிய வெற்று புராஜெக்ட் திறந்து பழையதன் டைம்லைனை அதற்குள் இறக்குமதி செய்வது. பல மாதம் நகல் மேல் நகலாக வளர்ந்த புராஜெக்டுகளுக்கு இது நல்ல பலன் தரும்.

கோளாறு கணினிப் பக்கம் என்று தெரிந்தால் தேடும் முறையே வேறு. 'ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதை அணைப்பது? ரெண்டரில் மூன்று கட்டம் உண்டு: மூலக் கோப்பை விரிப்பது, எஃபெக்டைக் கணக்கிடுவது, முடிந்த ஃப்ரேமைச் சுருக்கி எழுதுவது. மூன்றுக்கும் வன்பொருள் உதவி தனித்தனி. பிரீமியரில் விரிப்பதற்கான தேர்வு பிரிஃபரன்ஸின் 'மீடியா' பக்கத்தில் இருக்கிறது. மாற்றிய பின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். எஃபெக்டுக்கானது புராஜெக்ட் செட்டிங்ஸின் 'ரெண்டரர்' வரியில். எழுதுவதற்கானது எக்ஸ்போர்ட் சாளரத்தின் 'பர்ஃபாமன்ஸ்' வரியில், 'ஹார்டுவேர் என்கோடிங்', 'சாஃப்ட்வேர் என்கோடிங்' என்று. ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளில் எக்ஸ்போர்ட் பக்கத்திலேயே வன்பொருள் என்கோடருக்கான தேர்வுப்பெட்டி இருக்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் அணைத்தால் ரெண்டர் ஓடிவிடலாம்; ஆனால் எது காரணம் என்று தெரியாது, இனி எப்போதும் ஆமை வேகம்தான் என்று ஆகிவிடும். முதலில் எழுதும் கட்டத்தை மட்டும் சாஃப்ட்வேருக்கு மாற்றுங்கள். சரியாகாவிட்டால் அதைத் திரும்ப வைத்துவிட்டு விரிக்கும் கட்டத்தை மாற்றுங்கள். கடைசியாக எஃபெக்ட் கட்டம்.

ஷாட்கட், கேடென்லைவ் எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் 'பேரலல் பிராசஸிங்' என்று ஒரு தேர்வு உண்டு. இரண்டுமே எம்.எல்.டி என்ற ஒரே இயந்திரத்தின் மேல் நிற்கின்றன. பல இழைகளில் (ஒரே நேரத்தில் பல பிரிவுகளாக) பாதுகாப்பாக ஓடத் தெரியாத சில ஃபில்டர்களோடு இந்தத் தேர்வு சேர்ந்தால் உறைவும் சிதைந்த ஃப்ரேமும் வரும். அதை எடுத்துவிட்டு ஓட்டுவது இந்த மென்பொருள் பயன்படுத்துவோர் செய்ய வேண்டிய முதல் வேலை.

விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', பிறகு 'சிஸ்டம்' என்று போய், உறைந்த நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 'டிஸ்பிளே' என்ற மூலத்தில் 4101 என்ற எண் இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் தராமல் போய், விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. ஜி.பி.யு ஒரு வேலையில் இரண்டு விநாடிக்கு மேல் சிக்கிக்கொண்டால் அப்படிச் செய்வது விண்டோஸின் இயல்பு அமைப்பு. திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். மென்பொருளோ தன் கையிலிருந்த ஜி.பி.யு வேலை பறிபோனது தெரியாமல் காத்துக்கொண்டே இருக்கும். டிரைவரை டி.டி.யு (டிரைவரைச் சுவடின்றி நீக்கும் நிரல்) கொண்டு முழுதும் நீக்கி, புதிதாக நிறுவுங்கள். என்விடியா என்றால் கேம் ரெடி டிரைவருக்குப் பதில் ஸ்டூடியோ டிரைவர். போன வாரம்வரை நன்றாக ஓடி, டிரைவர் மாறிய பின் கெட்டது என்றால் பழைய டிரைவருக்கே திரும்புவதில் தவறில்லை. ரெஜிஸ்ட்ரியில் அந்த இரண்டு விநாடிக் காத்திருப்பைக் குறிக்கும் 'டி.டி.ஆர் டிலே' மதிப்பை 10 விநாடியாகக் கூட்டும் வழியும் உண்டு. சுமையைக் குறைத்துப் பார்த்த பிறகே அதற்குப் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அதே பதிவில் 'கெர்னல்-பவர் 41' இருந்தால் கணினி திடீரென்று அணைந்திருக்கிறது: பெரும்பாலும் சூடு, அல்லது மின்வழங்கி. 'வீயா-லாகர்' பிழைகள் இருந்தால் வன்பொருளே கோளாறைப் புகார் செய்கிறது. ரெண்டர் ஓடும்போது வெப்பநிலை காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ நிரலைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். சி.பி.யு 95 முதல் 100 டிகிரி செல்சியஸில் ஒட்டிக்கொண்டு, வேகம் பாதியாகச் சரிந்தால் தூசியும் காய்ந்த தெர்மல் பேஸ்டும் முதல் சந்தேகம். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ரெண்டர் போடக் கூடாது. சார்ஜரைச் செருகாமலும் போடக் கூடாது.

ராமுக்குப் பயாஸில் எக்ஸ்.எம்.பி அல்லது எக்ஸ்போ (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) தேர்வு செய்திருந்தால் அதை அணைத்து ஒருமுறை ரெண்டர் ஓட்டுங்கள். மற்ற வேலைகளில் வெளிப்படாத நினைவகப் பிழை ரெண்டரில் வெளிப்படும். மணிக்கணக்கில் எல்லா ராமையும் நிரப்பி வேலை வாங்குபவை ரெண்டர் போன்ற சில வேலைகள்தான். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுதும் ஓடி ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை வைத்துத் தொழில் செய்ய முடியாது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு, இது இன்னும் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. அந்தச் செயலிகளில் மைக்ரோகோட் (செயலிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு நிரல்) தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு, காலப்போக்கில் செயலியே தேய்ந்து நிலைதடுமாறுகிறது என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. மதர்போர்டு தயாரிப்பாளரின் புதிய பயாஸ் வழியாக அவை வந்து சேரும். ஏற்கெனவே தேய்ந்த செயலியைத் திருத்தம் குணமாக்காது. அதை உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். கார்டில் நிறைய இடம் இருந்தும் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற பிழை வருவது இந்தச் செயலிகளில் அறியப்பட்ட ஓர் அறிகுறி. அதைப் படித்துவிட்டு கார்டை மாற்றினால் பணம்தான் வீண்.

டிஸ்க் பற்றிச் சுருக்கமாக. எஃப்.ஏ.டி32 முறையில் அமைத்த டிரைவில் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 40 மெகாபிட் எக்ஸ்போர்ட் என்றால் 14 நிமிடத்துக்குச் சற்று மேல் அந்த எல்லை வந்துவிடும். எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால் கிளிப்பைச் சந்தேகிக்கத் தோன்றும். பிட்ரேட்டைக் குறைத்ததும் நிற்கும் இடம் தள்ளிப்போனால் டிரைவ்தான். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ் ஆக்கிவிடுங்கள் (முதலில் உள்ளிருப்பதை நகல் எடுத்துவிட்டு). ஒரு மணி நேரம் 40 மெகாபிட் என்றால் 18 ஜி.பி.; கடைசியில் திரும்ப எழுதும் மென்பொருளுக்கு அதைப்போல் இரு மடங்கு காலி இடம் வேண்டும். சி டிரைவ் நிரம்பியிருந்தால் பேஜ் கோப்பு (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் கோப்பு) வளர இடமில்லாமல் ரெண்டர் சாகும், எக்ஸ்போர்ட் வேறு டிரைவுக்குப் போனாலும். கிளவுடுடன் ஒத்திசையும் ஃபோல்டருக்குள் எக்ஸ்போர்ட் செய்யவே வேண்டாம்; எழுதி முடியாத கோப்பை ஒத்திசைவு நிரல் பிடித்துக்கொள்ளும். பழைய எக்ஸ்போர்ட் பிளேயரில் திறந்திருக்க, அதே பெயரில் மேலெழுதுவதும் அப்படியே. ஸ்லீப் அமைப்பை அணையுங்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, இன்றிரவே ஒப்படைக்க வேண்டும் என்கிற நிலையும் வரும். அப்போது எச்.264-க்கு நேராகப் போகாதீர்கள். டைம்லைனை ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாக, சுருக்காத பி.சி.எம் ஒலியுடன் புரோரெஸ் அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆரில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எந்தத் துண்டு நிற்கிறதோ அதை மட்டும் மேலே சொன்னபடி சிகிச்சை செய்யலாம். மற்றவை பத்திரமாகக் கையில் இருக்கும். பிறகு புதிய வெற்று டைம்லைனில் துண்டுகளை வரிசையாக வைத்து, எஃபெக்ட் எதுவும் இல்லாமல் எச்.264-ஆக்குங்கள். எச்.264 துண்டுகளையே நேராக ஒட்டும் குறுக்குவழி வேண்டாம்: ஏஏசி ஒலியின் தொடக்கத்தில் என்கோடர் சேர்க்கும் வெற்று மாதிரிகள் ஒவ்வொரு ஒட்டிலும் சின்ன இடைவெளியாகக் கேட்கும். முப்பரிமாண அனிமேஷன் காட்சி என்றால் ஆரம்பத்திலிருந்தே படத்தொடராக, ஒரு ஃப்ரேமுக்கு ஒரு கோப்பு என்று ரெண்டர் செய்வதே முறை. 2,000-ஆவது ஃப்ரேமில் நின்றால் அந்த ஃப்ரேமிலிருந்தே தொடரலாம்.

வேலை நடுவில் இருக்கும்போது மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டாம் என்பதையும் தங்கள் பகுதி சொன்னால் நல்லது. புதிய பதிப்பில் ஒருமுறை சேமித்த புராஜெக்ட் பெரும்பாலும் பழையதில் திறக்காது. மாற்றியே தீர வேண்டும் என்றால் புராஜெக்டின் நகலில் மாற்றுங்கள்.

மென்பொருள் தயாரிப்பாளர்களிடமும் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. ரெண்டர் பிழை என்று நின்றால் பிரீமியர் எந்த டைம்கோடுக்கு அருகில் என்று சொல்கிறது. உறைந்து நிற்கும்போதோ எந்த மென்பொருளும் வாய் திறப்பதில்லை. கடைசியாகத் தொட்ட ஃப்ரேம் எண், கிளிப்பின் பெயர், ஓடிக்கொண்டிருந்த எஃபெக்ட் மூன்றையும் ஒரு சாதாரண உரைக் கோப்பில் விநாடிக்கு ஒருமுறை எழுதிவைத்தால் போதும். மேலே நாங்கள் எழுதியதில் பாதி தேவைப்படாது. கணினித் துறை பற்றி எழுதும் பத்திரிகைகள் இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை, இப்படிக் கேள்வி அனுப்பும் வாசகர்களிடம் தாங்கள் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும், இயங்குதளம், செயலி, கிராபிக்ஸ் கார்டும் அதன் நினைவக அளவும் டிரைவர் எண்ணும், நின்ற டைம்கோடு, தொடங்கி எத்தனை நிமிடத்தில் நின்றது, பின்பகுதியை மட்டும் ஓட்டியபோது என்ன ஆனது, அந்த இடத்துக் கிளிப்பின் மீடியா இன்ஃபோ விவரம், சாஃப்ட்வேர் என்கோடிங்கில் என்ன ஆனது. இவை இருந்தால் அடுத்த பதிலில் 'எதையாவது வாங்குங்கள்' என்று எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

இப்படிக்கு,
படத்தொகுப்புப் பணியில் இருக்கும் வாசகர்கள்